வேலிக்கு வெளியே நின்ற வாத்தியார்

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அச்சோலா போட்ட சத்தத்தில் சந்தைக்கு வந்த ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. பின்னே? காலையிலிருந்து புரட்டிப் புரட்டிக் காய வைத்த ஒமேனா... சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத பொடி மீன்... அத்தனையும் ஒரே நொடியில் சேறாகிப் போனால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்? மோட்டார் சைக்கிளில் வந்தவன் குழியில் இறங்கி ஏறிய வேகத்தில், நேற்றைய மழைத் தண்ணீர் முழுக்க அவள் படுதாவின் மேல்தான்.

வந்தவன் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான். அவன் முகத்திலும் சேறு. அந்தச் சேற்றுக்கு நடுவே இரண்டு கண்கள் மட்டும் கழுவி வைத்த மாதிரி...

"மன்னிச்சுக்குங்க... குழி இருந்தது தெரியல."

"குழி தெரியல, மீன் தெரியல, மனுஷி தெரியல. வேற என்னதான் தெரியும் உங்களுக்கு?"

"மக்காச்சோளம் தெரியும்," என்றான் அவன், தலையைச் சொறிந்துகொண்டே.

பக்கத்தில் தக்காளி விற்றுக்கொண்டிருந்த மிலிசெந்த் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "அடியே அச்சோலா, இவருதான்டி புதுசா வந்திருக்கிற விவசாய ஆபீசர்! வாத்தியாரையா திட்டுறே?"

"வாத்தியாரா இருந்தா எனக்கென்ன? சேத்து மீனை இவரா வாங்கித் திங்கப் போறாரு?"

"வாங்கிக்கிறேன்," என்றான் அவன் உடனே. "முழுசா வாங்கிக்கிறேன். கழுவித் தின்னுக்கிறேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் வானம் கிழிந்தது. சந்தையே ஓடியது. அவன் படுதாவின் ஒரு முனையைப் பிடித்தான், அவள் மறுமுனையைப் பிடித்தாள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை... மீனோடு சேர்ந்து இருவரும் கடையின் தகரக் கூரைக்கடியில் போய் ஒண்டினார்கள்.

அவன் மழையையே பார்த்துக்கொண்டு நின்றான். திருவிழா பார்க்கிற பிள்ளை மாதிரி வாய் பிளந்து.

"மழையைப் பார்த்ததே இல்லையா?"

"எங்க ஊரு கிட்டுய் பக்கம். அங்க மழை வந்தா, செய்யற வேலையை அப்படியே போட்டுட்டு வந்து பார்ப்போம்," என்றான். "என் பேரு கியாலோ. பயணத்துல பொறந்தவன்னு அர்த்தம். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே பெத்துட்டாங்க. உங்க பேருக்கு?"

"அச்சோலான்னா, அப்பா செத்தப்புறம் பொறந்தவ."

அவன் சிரிப்பு நின்றுபோனது. அவள் கண்களை ஒருமுறை பார்த்தான். இப்படிப் பார்க்கிறவர்களிடம் அவள் எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இன்றைக்கு ஏனோ... திருப்பவில்லை.

"பருவ மழை ஆரம்பிச்சிருச்சு," என்றான் மெதுவாக. "ஒரு நாள்கூட வீணாக்கக் கூடாது. நீங்க விதைச்சாச்சா?"

அவள் சட்டென்று குனிந்து மீனைக் கூடையில் அள்ளினாள். கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கி நடந்தாள். 'என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம்?' பாவம், அவனுக்குப் புரியவே இல்லை.

எப்படிப் புரியும்? வெளியூர்க்காரன்.

அச்சோலாவின் புருஷன் ஒடேரா, ஏரிக்கு வலைவீசப் போனவன். ஒரு விடியற்காலையில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் வரவில்லை. உடம்பும் வரவில்லை. ஊர் பார்த்தது, காத்தது, பிறகு வழக்கம் எதுவோ அதைச் செய்தது. யாகோ மரத்திலிருந்து ஆள் கை பருமனுக்கு ஒரு நீளக் காயை வெட்டி, ஒடேராவின் நீலச் சட்டையில் சுற்றி, வீட்டு வாசலுக்கு வலப்பக்கம் குழிவெட்டிப் புதைத்தார்கள். உடம்பு கிடைக்காதவனுக்கு அதுதான் உடம்பு. மாமியார் கொன்சொலாத்தா மண்ணில் விழுந்து புரண்டாள். அச்சோலா அழவில்லை. காய்க்கு யாராவது அழுவார்களா?

அதிலிருந்து பிடித்தது சனி. ஒரு வீட்டு நிலத்தில் முதல் விதையை அந்த வீட்டு ஆண்பிள்ளைதான் இறக்க வேண்டும். அவன் இல்லையென்றால், அவன் பெண்டாட்டியை ஏற்றுக்கொண்டு அவன் இடத்துக்கு வருகிறவன் இறக்க வேண்டும். வேறு யார் இறக்கினாலும், இறக்கியவனே அந்த வீட்டுக்காரன். ஒடேராவின் தம்பி ஒபுயா, இரண்டு பெண்டாட்டிக்காரன், எப்போதோ தயார். அவன் கண் அண்ணி மேல் இருந்ததைவிட, ஓடையை ஒட்டிய அந்தக் கறுப்பு மண்ணின் மேல்தான் அதிகம் இருந்தது. அச்சோலா மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'நாளைக்கே அவர் ஈரத் தலையோடு வந்து நின்றால்?' என்று எப்படிச் சொல்வது... சிரிப்பார்கள். இரண்டு வருஷமாக நிலத்தில் புல்தான் விளைந்தது. இந்த மழைக்கும் விதை இறங்காவிட்டால் நிலம் ஒபுயாவுக்கு என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

இது எதுவும் தெரியாத நம் வாத்தியார், மறுநாள் ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு வயல் வயலாகப் பாடம் நடத்திக்கொண்டு வந்தார். வரிசை எப்படி, இடைவெளி எப்படி, ஒரு குழிக்கு ஒரு சோடா மூடி உரம்... எல்லாம் சரிதான். ஓடைக்கரைக்கு வந்ததும் நின்றார்.

"இது யாரு நிலம்? இவ்வளவு நல்ல மண்ணைப் புல்லுக்கு விட்டு வச்சிருக்காங்க! எந்தச் சோம்பேறி..."

பெண்கள் கப்சிப்.

"நான்தான் அந்தச் சோம்பேறி," என்றாள் அச்சோலா பின்னாலிருந்து.

கியாலோவின் முகம் செத்துவிட்டது. இரண்டு நாளில் இரண்டு தப்பு! "இல்ல... உழ ஆள் கெடைச்சிருக்காது. ஏர்கூட வேணாங்க இதுக்கு. புல்லை வெட்டிட்டுக் குழி எடுத்தாலே போதும். இருங்க, காட்டறேன்." சொல்லிக்கொண்டே வேலியைத் தாண்டிக் குதித்துவிட்டான். சட்டைக் கையை மடித்தான். மண்வெட்டியை ஓங்கினான்.

"சொல்லுடி! வேணாம்னு சொல்லு!" மிலிசெந்த் அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

அச்சோலா வாயைத் திறந்தாள்.

அவன் மண்ணில் முட்டி போட்டுக் குனிந்திருந்தான். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. குழியைக் கையால் அளந்து, உருண்டையை உடைத்து, மண்ணை விரலிடுக்கில் உதிர்த்து முகர்ந்து பார்த்தான். "அடடா, என்னா மண்ணு!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த மண்ணில் ஒரு மனுஷன் முட்டி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே ஒரு வார்த்தை... அது அவள் வாய்க்குள்ளேயே இருந்தது.

விதை விழுந்தது.

"ஐயோ, போச்சு! எல்லாம் போச்சு!" மிலிசெந்த் தலையில் கையை வைத்துக்கொண்டாள். பெண்கள் கூவினார்கள். கியாலோ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். பாடம் எல்லோருக்கும் பிடித்துவிட்டதாக்கும் என்று நினைப்பு அவனுக்கு!

பொழுது சாய்வதற்குள் கொன்சொலாத்தாவின் முற்றத்தில் பஞ்சாயத்து. ஒபுயா குதித்தான்.

"ஊரான் வந்து எங்கண்ணன் மண்ணுல விதை இறக்குவான், நாங்க வேடிக்கை பார்க்கணுமா? தோண்டி எறியணும் அத்தனையும்!"

கொன்சொலாத்தா கையை உயர்த்தி அவனை உட்கார வைத்தாள். பிறகு சொன்னாள், "மண்ணுக்குள்ள போன விதையைத் தோண்டி எடுக்க எனக்குக் கை வராது. ஏற்கெனவே ஒண்ணைப் பொதைச்சிட்டு உக்கார்ந்திருக்கேன். அறுப்பு வரைக்கும் இருக்கட்டும். அந்த ஆளு மட்டும் வேலிக்குள்ள கால் வைக்கக் கூடாது. அறுப்பு முடிஞ்சதும் இவளே சொல்லட்டும். ஒபுயான்னா நிலம் இவளுக்கு. அந்த ஆளுன்னா, நிலத்தை வச்சிட்டுப் போகட்டும்."

"ரெண்டும் வேணாம்னா?" என்றாள் அச்சோலா.

"வேணாம்னா அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும்."

அச்சோலா தலை குனிந்துகொண்டாள்.

விவரம் தெரிந்ததும் கியாலோ ஓடி வந்தான். அச்சோலா ஓடையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க... சத்தியமா தெரியாது. உங்க வாழ்க்கையோட விளையாடிட்டேன். நான் பண்ணுன தப்புக்கு நானே பொறுப்பு ஏத்துக்கிறேன். நீங்க சரின்னா... உங்களைக் கட்டிக்கிறேன்."

குடத்தை இறக்கி வைத்தாள். நெஞ்சுக்குள் ஒரு கணம் பூத்தது, மறுகணம் கருகியது. தப்பாம்! பொறுப்பாம்!

"மீனை நனைச்சீங்க, மீனை வாங்கிக்கிறேன்னீங்க. இப்ப என்னைக் கெடுத்தீங்க, அதனால என்னைக் கட்டிக்கப் போறீங்க. அப்படித்தானே வாத்தியாரே? பரிகாரத்துக்குக் கட்டிக்கிற ஆளு எனக்கு வேணாம். போயிட்டு வாங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். ரோஷக்காரி. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் கண் நிறைந்திருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

விதை முளைத்தது. முளைத்தது என்றால் சும்மாவா? ஊரில் எந்த வயலிலும் இல்லாத பச்சை. அவனோ வேறு ஊர்களுக்குப் பாடம் நடத்தப் போகிற வழியிலெல்லாம் அந்த ஓடைக்கரையில் வண்டியை நிறுத்துவான். வேலிக்குள் கால் வைக்க மாட்டான். வெளியிலேயே நின்று கத்துவான்.

"இன்னும் ரெண்டு விரல் தள்ளிக் கொத்துங்க! வேர் அறுந்துடும்!"

"எனக்குத் தெரியும்!"

"தெரியுதுங்க. தெரிஞ்சுக்கிட்டேதான் வேரை அறுக்கறீங்க!"

உர அளவுக்கு ஒரு சோடா மூடியை வேலிக்கு மேலே வீசினான். அவள் அதை எட்டிப் பிடித்தாள். வேலை முடிந்தபின் அந்த மூடி அவள் கட்டியிருந்த துணியின் முந்தியில் முடிச்சாகிவிட்டது. மிலிசெந்த் பார்த்துவிட்டாள்.

"சோடா மூடிக்கெல்லாம் முடிச்சாடி?"

"தொலைஞ்சா வாத்தியார் கத்துவாரு," என்றாள் அச்சோலா, மண்ணைப் பார்த்துக்கொண்டே.

"யாரு தொலைஞ்சா?"

"போ அக்கா!"

ஒரு நாள் பயிருக்கு நடுவே ஊதா நிறத்தில் பூ. சின்னச் சின்னதாய், கண்ணைப் பறிக்கிற அழகு. கயோங்கோ. சோளத்தின் வேரில் ஒட்டிச் சாறு உறிஞ்சுகிற களை.

"பூக்கறதுக்கு முன்னாடியே பிடுங்கச் சொன்னேனே!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"அழகா இருக்குன்னு விட்டுட்டேன்."

"அழகா இருக்குன்னு விட்டா வேரையே உறிஞ்சிடும்."

"அது எனக்கு இப்பத்தான் தெரியுது," என்றாள் அவள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பூவைப் பிடுங்கிக்கொண்டு சோளத்துக்குள் மறைந்துவிட்டாள். அவன் நெடுநேரம் வெளியே நின்றான். மழை வந்தது. அப்போதும் நின்றான். வேலிக்கு உள்ளே அவள் நனைந்தாள், வெளியே அவன் நனைந்தான்... யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போவாள். வாசலுக்கு வலப்பக்கம் மேட்டில் புல் முளைத்திருக்கும். அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். 'கோவமா?' என்று கேட்பாள். மண் என்ன சொல்லும்? அன்றிரவெல்லாம் தூங்க மாட்டாள்.

ஒபுயா சும்மா இருப்பானா? ஆபீசுக்குப் போய், வாத்தியார் விதவைப் பெண்ணைக் கெடுக்கிறார் என்று மனு கொடுத்துவிட்டான். அறுப்பு முடிந்த வாரமே மாற்றல் வந்தது. சொந்த ஊர்ப் பக்கமே, வறண்ட கிட்டுய்க்கு. போகும் முன் அவன் அவளைப் பார்க்க வரவில்லை. "வந்தா அவங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்று மிலிசெந்திடம் சொன்னானாம்.

முற்றத்தில் மாமியாரும் மருமகளும் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். மூட்டை மூட்டையாய் விளைந்திருந்தது. அந்த மண்ணில் ஒடேரா இருந்தபோதுகூட இவ்வளவு விளைந்ததில்லை.

"அந்த ஆளு காலையில போறானாமே," என்றாள் கொன்சொலாத்தா.

"போகட்டும்."

"பெரியவங்க கேக்கறாங்க. என்ன சொல்லப் போறே?"

"நான் இங்கேயே இருக்கேன் அத்தே. ஒபுயா வந்து... என்னை ஏத்துக்கிட்டதுக்கு அடையாளமா வாசல்ல கம்பை நட்டுட்டுப் போகட்டும். நான் அவரு மண்ணை விட்டுப் போக மாட்டேன்."

கொன்சொலாத்தாவின் கை நின்றது. "ஏடி, என்னைப் பாரு. ஏரி எம்புள்ளையத் திருப்பித் தரல. நாம பொதைச்சது ஒரு காயி. ஒரு காய்க்கு நீ இன்னும் எத்தனை மழைக்குக் காவல் இருப்பே?"

"நீங்க இருக்கீங்களே அத்தே..."

"நான் பெத்தவ. எனக்கு வேற வழி கெடையாது. உனக்கு இருக்குடி." அவள் குரல் உடைந்தது. "போ. எம்புள்ளைய நான் பார்த்துக்கிறேன். நீ போனேன்னா, அவன் செத்துட்டான்னு எனக்கும் ஒருவழியா நம்பிக்கை வரும். நானும் ரெண்டு வருஷமா வாசலையே பார்த்துக்கிட்டுல்ல உக்கார்ந்திருக்கேன்..."

அச்சோலா அப்போதுதான் அழுதாள். புதைத்த அன்றைக்கு அழாத அழுகை முழுவதும், மாமியாரின் மடியில் விழுந்து, உதிர்த்த சோளமெல்லாம் நனைய நனைய அழுதாள். "அத்தே... அவரு வர மாட்டாரா அத்தே?" கேட்டுக்கொண்டே அழுதாள். கொன்சொலாத்தா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

காலையில் தூறல். சந்தையின் அதே தகரக் கூரைக்கடியில் கியாலோ ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தான். நைரோபி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். அப்போது, தலையில் ஒரு மூட்டையோடு, மூச்சிரைக்க அவள் வந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"எதுக்கு வந்தீங்க... யாராவது பார்த்தா..."

"பார்க்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். குறுக்கே பேசாதீங்க, பேசினா எனக்கு வராது." மூட்டையை இறக்கினாள். முந்தி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சோடா மூடி. அதை விரலால் உருட்டிக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நீங்க குழி எடுத்தீங்கல்ல? வேணாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

"அதிர்ச்சியில உங்களுக்கு வாய் வரல. அது எனக்குத்..."

"அதிர்ச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல!" அவள் நிமிர்ந்தாள். "எல்லாம் தெரிஞ்சுதான் நின்னேன். விதை விழுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். விழட்டும்னுதான்... வாயை மூடிக்கிட்டேன். தப்புப் பண்ணுனது நீங்க இல்ல, நான். இத்தனை மாசமா உங்களைக் குத்தவாளியா வேலிக்கு வெளியில நிக்க வச்சேன். புருஷன் வருவான்னு காத்துக்கிட்டிருந்தவ, இன்னொரு ஆளு முட்டி போட்டதும் மனசு மாறிட்டாளேன்னு... எனக்கே என் மேல வெறுப்பா இருந்துச்சு. அதான் உங்களைத் திட்டுனேன்."

கியாலோ பையைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான், "நானும் பொய்தான் சொன்னேன். பொறுப்பு, பரிகாரம் எல்லாம்... வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. மீன் நனைஞ்ச அன்னிக்கே கேட்டிருப்பேன். நீங்க மழையில எறங்கிப் போயிட்டீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க ஊர்ல மழை வருமா?"

"வரும். சில வருஷம் வராது. உங்க மண்ணு மாதிரி இல்ல. ஒண்ணுமே இல்லாத மண்ணு."

"விதை போட ஆளு இருக்கில்ல?"

அவன் தலையசைத்தான். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டான்.

பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். ஓடைக்கரையைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தாள். வேலி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. ஒபுயாவின் மாடுகள் சோளத்தட்டையை மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி, தெரிந்த வாசல். வாசலுக்கு வலப்பக்கம் அந்த மேடு. மேட்டுக்குப் பக்கத்தில் கொன்சொலாத்தா ஒற்றையாய் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பஸ் சத்தம் கேட்டும் தலை நிமிரவில்லை.

அச்சோலாவின் தோள் குலுங்கியது. கியாலோ பதறிப் போனான். எழுந்து கண்டக்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அச்சோலா... வண்டியை நிறுத்தச் சொல்லவா? இன்னும் நேரம் இருக்கு. எறங்கிடலாமா?"

அவள் அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"வேணாம்," என்றாள்.